ஏ.பி.ஏ. மேற்படிப்பு: பணம் கட்டும் முன் கவனிக்காமல் விடுபவை

சைக்காலஜியோ சோஷியல் ஒர்க்கோ முடித்துவிட்டு, பெரம்பூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஆட்டிசம் போன்ற சிக்கலுள்ள குழந்தைகளுக்கான ஒரு தெரபி சென்டரில் வேலைக்குச் சேர்பவர்கள் கொஞ்ச நாளில் ஏ.பி.ஏ. எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வு மேற்படிப்பைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் தடுமாற்றம்.

விளம்பரத்தில் 'பி.சி.பி.ஏ. ஆகலாம்' என்று இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது நடத்தைப் பகுப்பாய்வாளருக்கான சான்று. அதைத் தரும் அமெரிக்க வாரியம், இந்தியாவில் வசிப்பவர்களின் புது விண்ணப்பங்களை 2023 ஜனவரியிலிருந்து ஏற்பதில்லை. அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ குடிபோகிறவருக்குச் சரி. திருவொற்றியூரிலேயே இருக்கப்போகிறவர் இதேபோல் சான்று தரும் ஐ.பி.ஏ.ஓ., க்யூ.ஏ.பி.ஏ. அமைப்புகளின் விதிகளைப் படித்துப் பார்க்கலாம். 40 மணி நேரப் பயிற்சி, மற்றவர் போட்ட திட்டத்தை மேற்பார்வையில் செய்யும் டெக்னீஷியனுக்கானது. அதை முதுநிலைப் படிப்பு என்று யாராவது விற்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கிடைக்கும் என்று நம்பிச் சேர்வதும் தவறு. 1992 சட்டப்படி அது பதிவு செய்யும் தொழில்களில் சிறப்பாசிரியரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் உண்டு, நடத்தைப் பகுப்பாய்வாளர் கிடையாது. அந்தப் பெயர் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பள்ளியில் சிறப்பாசிரியர் வேலைதான் குறி என்றால் சிறப்புக் கல்வி பி.எட். படியுங்கள். தொலைதூர வழியில் சைக்காலஜி எம்.எஸ்சி. சேரலாம் என்ற கணக்கும் இனி உதவாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

இதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். பலர் கேட்காமலே விடுவது வேறு: நாம் குழந்தையோடு வேலை செய்யும்போது யார் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவார்கள்? பி.சி.பி.ஏ.வின் வழக்கமான வழியில் 2,000 மணி நேரக் களப்பயிற்சி உண்டு, அதில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை. மாதம் 100 மணி நேரம் வேலை என்றால் 5 மணி நேரம். கேட்க ரொம்பக் கம்மிதான். அதையும் ஜூமில் ஸ்லைடு காட்டி ஓட்டிவிட்டால் கையில் நிற்பது சான்றிதழ் மட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பாடத்தில் சுலபமாகத் தெரியும் ஒன்று வீட்டில் தலைகீழாகிவிடும். காசிமேட்டில் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு. பையன் பிஸ்கட்டுக்காகக் கத்துகிறான். 'கண்டுகொள்ளாதீர்கள்' என்று திட்டம் எழுதியாயிற்று. ஆரம்பத்தில் கத்தல் கூடத்தான் செய்யும், அது எதிர்பார்த்ததே. ஆனால் பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு ஆயா, "ஏம்மா, புள்ளைய இப்படி அழ வுடுற?" என்று பிஸ்கட்டோடு வந்து நிற்பார். இதைவிடச் சத்தமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொள்வான். திட்டமே போடாமல் இருந்திருக்கலாம். அங்கே வேண்டியது, கத்தலுக்குப் பதிலாக "பிஸ்கட் குடு" என்று கேட்கவோ படத்தைக் காட்டவோ பழக்கி, கேட்டதும் கொடுப்பது. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1985-லேயே ஆய்வில் காட்டிய வழிதான். கூடவே ஆயாவுக்கும் சொல்லிவைக்க வேண்டும், அவரையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த வீட்டைப் பார்த்த மேற்பார்வையாளர்தான் இதைச் சொல்லித்தர முடியும்.

மொழியிலும் இதே கதை. சென்டரில் "டச் ரெட்" என்று நூறு தடவை பழக்கிய குழந்தை, அம்மா "செவப்ப எடு" என்றால் முழிக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில் இருப்பதால் பயிற்சியும் ஆங்கிலத்தில் நடக்க வேண்டியதில்லை.

அப்புறம் பதிவு நோட்டு. 'இன்று ரொம்ப அடம்' என்று எழுதினால் நாளைக்கு எதோடு ஒப்பிடுவது? எத்தனை தடவை தரையில் படுத்தான், எவ்வளவு நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, படுத்ததும் யார் என்ன செய்தார்கள் என்று எழுதப் பழக வேண்டும். சேரும் முன்பு, அங்கே படித்த ஒருவரின் நோட்டைக் குழந்தையின் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பயிற்சியின் தரம் இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.