விமான வழித்தடங்களைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவின் ஜூனோ நகரத்துக்கு வரும் விமானம், இருபக்கமும் மலை எழுந்து நிற்கும் காஸ்டினோ என்ற குறுகலான கடற்காலுக்குள் நுழைந்து இறங்க வேண்டும். மேகம் தாழ இறங்கிவிட்டால் பெரும்பாடு. 1996-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் அங்கே ஆர்என்பி என்ற முறையைக் கொண்டுவந்தது. ஜிபிஎஸ் உதவியோடு விமானம் தன் இடத்தைத் தானே கணித்துக்கொண்டு, வளைவான பாதையிலும் வரைந்த கோட்டைவிட்டு விலகாமல் மலைகளுக்கு நடுவே வரும்.

ஒரு நிறுவனம், ஒரு விமான நிலையம் என்று இருந்ததால் அது கைகூடியது. அதையே நாடு முழுவதற்கும் விரித்தால்? அமெரிக்கா 2003-ல் சட்டம் போட்டு, பிறகு நெக்ஸ்ட்ஜென் என்ற பெயரில் அதைத்தான் முயன்றது. தொழில்நுட்பத்தைவிட நிதியும் ஒருங்கிணைப்பும்தான் அங்கே அதிகம் சறுக்கின. அதே வேலையில் இறங்கும் எந்த நாட்டுக்கும் அந்தச் சறுக்கல்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு, பணத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. மொத்தத் தொகை குறைவதைவிட, அடுத்த தவணை எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வுக்கு நிதியும் அதிகாரமும் தரும் சட்டம் 2007 செப்டம்பரில் காலாவதியானது. புதிய சட்டம் 2012 பிப்ரவரியில்தான் வந்தது. இடையில் 23 முறை குறுகிய கால நீட்டிப்பு கொடுத்தே ஓட்டினார்கள். 2011 ஜூலை கடைசியில் அந்த நீட்டிப்பும் தவறிப்போய், சுமார் 4,000 ஊழியர்கள் இரண்டு வாரம் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு வழித்தடத்தை வரைய வேண்டும், சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும், சோதனை விமானத்தை அனுப்ப வேண்டும், தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். அப்புறம் வரைபடங்களைப் புதுப்பிக்க 28 நாளுக்கு ஒருமுறை வரும் தேதியைப் பிடித்து அதை வெளியிட வேண்டும். சங்கிலியில் ஒரு கை நின்றால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். கருவிக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பயிற்சிக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விடுவதும் இதே வகைத் தவறு.

கட்டுப்பாட்டாளர்களைக் கடைசியில் கூப்பிடுவது இன்னொன்று. அமெரிக்காவில் நடுவான் போக்குவரத்தைக் கவனிக்கும் 20 மையங்களுக்கான இராம் (ERAM) என்ற கணினி அமைப்பு 2010-ல் முடிந்திருக்க வேண்டியது. முடிந்தது 2015 மார்ச்சில், அதுவும் 33 கோடி டாலர் கூடுதல் செலவோடு. திரைக்கு முன் உட்காரப்போகிறவர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளாததும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

தரையில் எல்லாம் தயார் என்றால் வேலை முடிந்தது என்று நினைப்பது மூன்றாவது. வரிசையில் வரும் ஒரு விமானத்தால் புது வளைவுப் பாதையில் வர முடியும், அதன் பின்னால் வருவதால் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் நேரத்தில் கட்டுப்பாட்டாளர் என்ன செய்வார்? இரண்டுக்கும் பழையபடி ரேடியோவிலேயே திசை சொல்லி இறக்குவார். அவர் மேல் குற்றமில்லை, இடைவெளியைக் காப்பதுதான் அவர் பொறுப்பு. ஆனால் புதுப் பாதை காகிதத்தில் கிடக்கும். விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவிக்கு 2010-ல் விதி வந்தது, கெடு 2020 ஜனவரி 1. சிறு விமான உரிமையாளர்கள் தயங்கியதால் 2016-ல் 500 டாலர் திருப்பித் தரும் திட்டத்தை எஃப்ஏஏ கொண்டுவந்தது. இந்தியாவிலும் இதே கதைதான். ஜிபிஎஸ் கணிப்பைச் செயற்கைக்கோள் வழியே திருத்தித் துல்லியமாக்க இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு, தரையிறங்க வழிகாட்டலாம் என்ற சான்றிதழை 2015-லேயே பெற்றுவிட்டது. அதைப் பயன்படுத்தி ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ ஏடிஆர் விமானம் சோதனையாக இறங்கியது 2022 ஏப்ரலில். செயற்கைக்கோளுக்குச் செலவு செய்யும்போதே விமானத்துக்குள் வைக்கும் கருவிக்கு யார் பணம் தருவது என்பதையும் பேசி முடித்திருக்க வேண்டும்.

எனக்கு மனம் ஆறாத தவறு, கீழே வாழ்கிறவர்களை மறப்பது. பழைய முறையில் விமானங்கள் அகலமாகப் பரவிப் பறக்கும். சத்தமும் ஊர் முழுக்கப் பகிர்ந்து விழும். புது முறையில் எல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல் ஒரே தெருவின் மேல் போகும். எரிபொருள் மிச்சம்தான், ஆனால் அந்தத் தெருக்காரருக்குத் தூக்கம் போய்விடும். 2014 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் அதுதான் நடந்தது. விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்று முடிவுகட்டி, எஃப்ஏஏ புறப்பாட்டுத் தடங்களை மாற்றியது. 25 பழம்பெரும் குடியிருப்புப் பகுதிகள், கட்டடங்கள், 19 பூங்காக்கள் ஆகியவற்றின் மேல் பறக்கும் விமானங்கள் 300 சதவீதம் கூடின. அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க வந்ததைவிட அதிகப் புகார்கள் முதல் இரண்டே வாரத்தில் வந்து குவிந்தன.

நகரத்தோடு பேசவே இல்லையா என்றால், பேசியிருந்தார்கள். நகரின் விமானத் துறையில் கீழ்நிலை ஊழியர்கள் சிலரோடு மட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கோ மக்களுக்கோ முன்கூட்டித் தெரியவில்லை. நகராட்சியும் குடியிருப்போரும் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்ஏஏ-வின் முடிவைத் தன்னிச்சையானது என்று சொல்லி ரத்து செய்தது. மறுவருடம், மேற்குப் பக்கப் புறப்பாடுகள் 2014-க்கு முந்தைய தடத்தை ஒட்டித் திரும்ப வரையப்பட்டன. வடிவமைப்பு, பயிற்சி, வரைபடம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.