நூலுக்கு அட்டை வடிவமைக்க ஆள் தேடும் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால், சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நூலைக் கொண்டுவரும் அவசரத்தில் முகநூல், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வரும்: "அட்டை டிசைன் பண்ண ஆள் வேணும். ரேட் சொல்லுங்க." கீழே வரிசையாக "இன்பாக்ஸ்" என்று விழும். அளவும் கெடுவும் தெரியாதவர் சொல்லும் விலை வெறும் குத்துமதிப்பு. வேலை நடுவில் இருக்கும்போது அது ஏறும், இல்லையென்றால் வேலையின் தரம் இறங்கும்.

பதிவிலேயே இவ்வளவும் இருக்கட்டும்: நூல் எந்த வகை, என்ன அளவு (டெம்மி என்றால் 5.5 × 8.5 அங்குலம்), முன்னட்டை மட்டுமா முழு அட்டையா (முன், முதுகு, பின் மூன்றும்), புதிதாக ஓவியம் வேண்டுமா, கையில் உள்ள படம் போதுமா, அச்சுக்குப் போகும் தேதி, கையில் உள்ள தொகை. தொகையை மறைத்தால் மலிவாக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் அந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

பக்க எண்ணிக்கை முடிவாகாமல் முழு அட்டை கேட்பது இன்னொரு வீண்வேலை. முதுகின் அகலம் தாளின் எண்ணிக்கையையும் கனத்தையும் பொறுத்தது. 200 பக்கம் என்றால் 100 தாள். தாளின் கனம் 0.1 மி.மீ. என்றால் முதுகு 10 மி.மீ. பிழைதிருத்தத்தில் 40 பக்கம் கூடினால் 2 மி.மீ. நகரும், முதுகில் இருக்க வேண்டிய எழுத்து முன்னட்டையில் மடியும்.

வடிவமைப்பாளர் காட்டும் மாதிரிப் படங்களைப் பார்த்து மயங்கி உடனே பேசி முடிக்க வேண்டாம். கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் இரவல் படங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். லேயர்கள் (படத்தின் தனித்தனி அடுக்குகள்) தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் ஒன்று கேட்கலாம். "சாம்பிள் ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்று இலவசமாகக் கேட்பது மட்டும் முறையல்ல. சோதிக்க வேண்டுமென்றால் அதற்கும் காசு கொடுங்கள்.

தமிழ் அட்டைக்கே உரிய சிக்கல் எழுத்துரு. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தலைப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பையாக வரும். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) தேர்வுசெய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படவே படாது. உரிமமும் கவனம். நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமம் கொண்டவை, அச்சில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வடிவமைப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு, முன்பணம் வாங்காமல் தொடங்குவது. பாதி முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், மூன்றாவதிலிருந்து தனிக்கட்டணம் என்று ஒரே செய்தியில் எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியது நிற்காது. பார்வைக்கு அனுப்புவது குறைந்த தெளிவில், பெயர் நீர்க்குறியோடு இருக்கட்டும். மீதிப் பணம் வந்தபின் அச்சுக்கான பிடிஎஃப்: 300 டிபிஐ தெளிவு, சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நிறமுறை), நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டுவிளிம்பு (அச்சிட்டபின் வெட்டி நீக்கும் கூடுதல் ஓரம்). வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

"பணம் அனுப்பறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று புதியவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

உரிமையைப் பெரும்பாலோர் பேசுவதே இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் விற்கப்போகும் நூலுக்கு இந்த ஒரு வரி விடுபட்டால் சிக்கல்தான். மின்னூல், சுவரொட்டி, இரண்டாம் பதிப்பு எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

குழு நடத்துபவர்களுக்கு ஒன்று: வேலை முடிந்ததும் இரு தரப்பும் முதல் பதிவின் கீழேயே "முடிந்தது, பணம் வந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். நட்சத்திர மதிப்பீட்டைவிட அடுத்து ஆள் தேடி வருபவருக்கு அதுதான் உதவும்.