கம்பெனி பத்து, பேங்க் ஒன்றா?

ஸ்டார்ட்அப்களில் பணம் போட்டிருப்பவர்கள் துறைவாரியாகப் பிரித்துப் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்கிலிருந்து (ஸ்டார்ட்அப்கள் பல பணம் வைத்திருந்த பேங்க்) கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள், மறுநாள் பேங்கை மூடிவிட்டார்கள். மருந்து, மென்பொருள், கிரிப்டோ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கம்பெனிகளின் பணம் சேர்ந்தே மாட்டிக்கொண்டது, ஏனென்றால் அவற்றில் பலவற்றுக்கு முதலீட்டாளர்கள் ஒரே வட்டம், 'பணத்தை எடுங்கள்' என்ற தகவலும் அந்த வட்டத்துக்குள்ளேதான் ஓடியது. சரி, இன்றே ஒரு ஷீட் போடுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கு எதிரிலும் எந்த பேங்க், கூடப் பணம் போட்ட ஃபண்டுகள் எவை, பெரிய வாடிக்கையாளர் யார் என்று எழுதுங்கள். பலரும் விடுவது கடைசிக் கேள்வியைத்தான்: உங்கள் ஒரு கம்பெனியின் வருமானம் உங்களுடைய இன்னொரு கம்பெனியிலிருந்தே வருகிறதா? அப்புறம், ஒரே பெயர் மூன்று வரிசையில் வந்தால் அந்த மூன்றையும் ஒரே முதலீடாகக் கணக்கு வையுங்கள்.