முதல் ஆர்சி விமானம்: விழுந்தாலும் பர்ஸ் காலியாகாமல் பறக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

ஆர்சி விமானம், அதாவது தரையில் நின்று ரிமோட்டால் இயக்கும் சின்ன விமானம், ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் பலரின் போனில் ஒரு போர் விமானத்தின் படம் இருக்கும். ஸ்பிட்ஃபயர், இல்லையென்றால் நம்ம தேஜஸ். பார்க்க அழகுதான். ஆனால் அந்த மாதிரி விமானத்துக்கு இறக்கை சிறியது, வேகம் அதிகம், ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் தானாக நேராகாது. புதியவர் கையில் ஒரு நிமிடம் தாங்கினால் அதிசயம்.

உங்கள் முதல் விமானம் விழும். அதில் சந்தேகமே வேண்டாம். அதனால் எதை வாங்குவது, எதில் செய்வது, எங்கே பறக்கவிடுவது என்ற ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ‘இது விழுந்தால் எவ்வளவு செலவு?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான் போகிறது. மொத்தச் செலவு, ரிமோட்டும் சேர்த்து, பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அதில் பாதி ரிமோட்டுக்கே போய்விடும். போகட்டும், ரிமோட் விழப்போவதில்லை.

படி 1: ரிமோட், அப்புறம் சிமுலேட்டர்

2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆறு சேனல் ரிமோட் ஒன்று போதும். சேனல் என்றால் தனியாக இயக்கக்கூடிய ஒரு கட்டுப்பாடு. ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. ரிமோட்டின் சிக்னலை வாங்க விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரும் கூடவே வரும். வாங்கும்போது ‘மோட் 2’ என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதாவது இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் ரட்டரும், வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் எய்லிரானும். த்ராட்டில் மோட்டார் வேகத்துக்கு; ரட்டர், வாலில் நிற்கும், திருப்புகிற பலகை; எலிவேட்டர், வாலில் படுத்திருக்கும், மூக்கை ஏற்றி இறக்குகிற பலகை; எய்லிரான், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும், விமானத்தைச் சாய்க்கிற பலகை. இங்கே பெரும்பாலானவர்கள் மோட் 2தான் பிடிக்கிறார்கள். பிற்பாடு யாரிடமாவது உதவி கேட்க வேண்டியிருக்கும், அப்போது இருவர் கையும் ஒரே மாதிரி பழகியிருப்பது நல்லது.

ரிமோட் வந்ததும் விமானம் வாங்க ஓடாதீர்கள். ஒரு யுஎஸ்பி சிமுலேட்டர் கேபிள் வாங்கி ரிமோட்டைக் கணினியோடு இணையுங்கள். பிக்காசிம் என்ற சிமுலேட்டர் இலவசம். செலவழிக்கத் தயார் என்றால் ரியல்ஃபிளைட் இருக்கிறது. இதை விளையாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் முதல் நாளே விமானத்தைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

சிமுலேட்டரில் பழக வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான்: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். தூரப் போகும்போது வலப்பக்கம் தள்ளினால் அது உங்கள் வலப்பக்கம் திரும்பும்; எதிரே வரும்போது அதே அசைவுக்கு உங்கள் இடப்பக்கம் போகும். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. எதிரே வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்குக் கீழே முட்டுக் கொடுப்பதுபோல. தொடர்ந்து பத்து முறை எட்டு வடிவம் போட்டு, பத்து முறையும் ஒழுங்காக இறக்க முடிகிற வரை சிமுலேட்டரை விடாதீர்கள்.

படி 2: பாகங்கள்

சென்னையில் ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனிலும் இவை கிடைக்கும்:

ஏ2212 என்ற 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 1045 ப்ரொப்பல்லர் குறைந்தது நான்கு (10 அங்குல விட்டம், 4.5 அங்குலப் பிட்ச்), 9 கிராம் சர்வோ (ரட்டரையும் எலிவேட்டரையும் அசைக்கும் சின்ன மோட்டார்) இரண்டு, கையிருப்புக்கு ஒன்று, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஹெச் லிப்போ பேட்டரி, பேலன்ஸ் சார்ஜர் (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றுவது), பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் கத்துகிற சின்ன அலாரம்.

ஈஎஸ்சி என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை. அதிலிருந்தே ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் போய்விடும், தனி பேட்டரி வேண்டாம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பதற வேண்டியதில்லை. மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் சொருகினால் சரியாகிவிடும். இந்தச் சோதனை எதையும் ப்ரொப்பல்லர் மாட்டாமல்தான் செய்ய வேண்டும். அது விரலை வெட்டும். கடைசியில் மாட்டும்போது எழுத்துப் பொறித்த பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

படி 3: விமானம்

எய்லிரான் இல்லாத மூன்று சேனல் விமானத்தைத்தான் நான் சொல்வேன். மோட்டார், எலிவேட்டர், ரட்டர், அவ்வளவே. இறக்கை உடலுக்கு மேலே இருக்கட்டும். நீளம் 1 முதல் 1.2 மீட்டர். இறக்கையின் இரண்டு நுனியும் நடுப்பகுதியைவிட 5, 6 செ.மீ. உயர்ந்து, பின்னாலிருந்து பார்த்தால் விரிந்த ‘வி’ மாதிரி தெரிய வேண்டும். இந்த வளைவுதான் உங்கள் உயிர்காப்பான். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், நீங்கள் ஸ்டிக்கை விட்டதும் அது தானாக நிமிரப் பார்க்கும். ரட்டரைத் திருப்பினால் இதே வளைவு விமானத்தைச் சாய்த்துத் திருப்பியும் கொடுக்கும்.

ரட்டர் சர்வோவை ரிசீவரின் எய்லிரான் சேனலில் சொருகுங்கள். அப்போது திருப்புவது வலது ஸ்டிக்குக்கு வந்துவிடும். நாளைக்கு எய்லிரான் உள்ள விமானத்துக்குப் போகும்போது விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்காது.

5 மி.மீ. ஃபோம் போர்டில் செய்தால் எடை 700, 800 கிராமுக்குள் அடங்கும். இலவச வரைபடங்கள் இணையத்தில் ஏராளம். அச்செடுத்து, போர்டில் ஒட்டி, கூர்மையான பிளேடால் வெட்ட வேண்டியதுதான். பெயர்ப்பலகைக்காரர்கள் வைத்திருக்கும் சன்போர்டு வேண்டாம், கனம். ஒட்டுவதற்கு ஹாட் குளூ. ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள், தெர்மாகோல் வகை ஃபோமைக் கரைத்துவிடும். வெட்டி ஒட்டப் பொறுமை இல்லாதவர்கள் ஈபிஓ என்ற, எளிதில் உடையாத ஃபோமில் வரும் ரெடிமேட் ட்ரெய்னர் விமானத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தானே செய்தவருக்கு உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்திருக்கும், அந்த லாபம் பெரியது.

இறக்கையை உடலோடு ஒட்டிவிடாதீர்கள். உடலில் குறுக்காக இரண்டு மூங்கில் குச்சிகளைச் செருகி, ரப்பர் பேண்டால் இறக்கையைக் கட்டுங்கள். தரையில் மோதும்போது இறக்கை கழன்று விலகும், உடையாது. சக்கரமும் வேண்டாம். நம் மைதானங்களின் புல்லிலும் கட்டியிலும் சக்கரம் சிக்கி விமானத்தைக் குப்புறத் தள்ளுவதுதான் மிச்சம். வயிற்றில் அகலமான டேப் ஒட்டி, அப்படியே சறுக்கி இறங்க விடுங்கள்.

படி 4: ஈர்ப்பு மையம்

மற்றதில் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விமானம் பறந்துவிடும். இதில் மட்டும் சமரசம் கிடையாது.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் ஈர்ப்பு மையம் விழ வேண்டும். இறக்கை 20 செ.மீ. அகலம் என்றால் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ. அந்த இடத்தை இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பேனாவால் குறித்து, பேட்டரியோடு சேர்த்து இரு விரல்நுனியில் விமானத்தைத் தூக்குங்கள். மட்டமாக நிற்க வேண்டும்; மூக்கு ஒரு சொட்டுத் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும். வால் கனத்தால் எலிவேட்டரைத் தொட்டதும் துள்ளும், அடக்குவதற்குள் தரைக்கு வந்துவிடும். முதலில் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஈயம் வைப்பது கடைசி வழி.

அடுத்து திசைச் சோதனை. விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். வலது ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே உயர வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் ரட்டர் வலப்பக்கம் போக வேண்டும். தலைகீழாக இருந்தால் ரிமோட்டின் ‘ரிவர்ஸ்’ மெனுவில் மாற்றுங்கள். எலிவேட்டர் மேலும் கீழும் 1 செ.மீ., ரட்டர் இருபுறமும் 2 செ.மீ. அசைந்தால் போதும். ரிமோட் மெனுவில் உள்ள எக்ஸ்போவை 30 சதவீதம் வைத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகிவிடும்; பதற்றத்தில் கை ஆடினாலும் விமானம் ரொம்ப ஆடாது. ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) த்ராட்டில் பூஜ்யம் என்று வைத்து, ப்ரொப்பல்லர் மாட்டாத நிலையில் ரிமோட்டை அணைத்து மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள்.

படி 5: பேட்டரி

லிப்போ கோபக்காரப் பேட்டரி. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, அலாரத்தை 3.5 வோல்ட்டில் வைத்து அதற்குக் கீழே இறக்கவும் கூடாது. 2200 எம்ஏஹெச் பேட்டரியை 2.2 ஆம்பியரில், எப்போதும் பேலன்ஸ் முறையில் சார்ஜ் செய்யுங்கள். கட்டில், சோபா பக்கம் வைக்காமல், சிமெண்ட் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகக் கூடாது. ஒரு வாரம் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க சார்ஜரிலேயே ‘ஸ்டோரேஜ்’ வசதி உண்டு. வயிறு உப்பிய பேட்டரியை இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஆசைப்படாதீர்கள். மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 6: இடமும் காற்றும்

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் என்றால் 200 அடிதான். 2 கிலோ வரையுள்ளதைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு பற்றிய விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம், உச்சிப்புளி பக்கம் இருப்பவர்கள் கூடுதல் கவனம்: அங்கெல்லாம் ராணுவ விமான தளங்கள் இருக்கின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும், உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது பல வீண் விளக்கங்களைத் தவிர்க்கும்.

கிரிக்கெட் மைதானத்தைவிட அறுவடை முடிந்த வயல் மேல். தாள் நிற்கும் மண், விழுகிற விமானத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளும். மின்கம்பி இல்லாத, நான்கு பக்கமும் குறைந்தது நூறு மீட்டர் வெட்டவெளி வேண்டும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சிறுவர்கள் கூடிவிடுவார்கள், ‘அண்ணா, கேமரா இருக்கா?’ என்று தவறாமல் கேட்பார்கள். எல்லோரையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வையுங்கள்.

காலை ஏழு மணிக்குள் பறந்து முடித்துவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் முற்பகலுக்கு மேல் கடற்காற்று ஏறும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், 800 கிராம் ஃபோம் எம்மாத்திரம்! கோவை, உடுமலை, பொள்ளாச்சி பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும். அந்த மாதங்களை சிமுலேட்டருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

படி 7: பறப்பது

ரிமோட்டை முதலில் போடுங்கள், பிறகு பேட்டரியை இணையுங்கள். அணைக்கும்போது இதற்கு நேர்மாறு. முதல் தடவை தனியாகப் போகாமல் ஒரு நண்பரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அனுபவசாலி கிடைத்தால் இரண்டு ரிமோட்டுகளைக் கேபிளால் இணைத்து, நீங்கள் தடுமாறும்போது அவர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளவும் முடியும். பொறியியல் கல்லூரிகளின் ஏரோமாடலிங் குழுக்களில் தேடுங்கள். என்சிசி ஏர் விங்கிலும் ஏரோமாடலிங் பயிற்சி உண்டு. அங்கே படித்து வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

காற்று வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். த்ராட்டில் முக்கால் பங்கு. நண்பர் நாலு எட்டு ஓடி, விமானத்தை மட்டமாக, ஈட்டி எறிவதைவிட மென்மையாகத் தள்ளிவிட வேண்டும். வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் செத்து உடனே விழும். விமானம் அவர் கையை விட்டுப் போனதும் திருப்ப முயலாதீர்கள். நேராக ஏறட்டும். இரண்டு பனைமர உயரம் வந்ததும் த்ராட்டிலைப் பாதியாகக் குறையுங்கள்.

அந்த உயரத்தில் தவறு நடந்தாலும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். புதியவர்கள் பயந்துபோய் தாழ்வாகவே ஓட்டுகிறார்கள், அதுதான் ஆபத்து. முதல் திருப்பம் எப்போதும் உங்களை விட்டு விலகும் பக்கம். ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளி, எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்து, திரும்பியதும் நடுவுக்கு விடுங்கள். பெரிய வட்டமாகவே போங்கள், தலைக்குப் பின்னால் போக விடாதீர்கள். கையை எடுத்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? ரிமோட்டில் ஸ்டிக்குக்குப் பக்கத்தில் உள்ள ட்ரிம் பட்டனை எதிர்ப்பக்கமாக இரண்டு தட்டு தட்டுங்கள். எந்தப் பக்கம் பார்த்துப் பறக்கிறது என்று குழம்பினால் த்ராட்டிலைக் குறைத்து ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். வளைந்த இறக்கை அதுவாக நிமிர்ந்துகொள்ளும்.

உயரத்தில் இருக்கும்போதே ஸ்டாலையும் பழகிக்கொள்ளுங்கள். த்ராட்டிலை அணைத்து எலிவேட்டரை இழுத்துக்கொண்டே இருந்தால், வேகம் குறைந்து ஒரு கட்டத்தில் மூக்கு தொப்பென்று கவிழும். இழுப்பதை விட்டால் வேகம் பிடித்து மீண்டும் பறக்கும். எவ்வளவு உயரம் இழந்தீர்கள் என்று கவனியுங்கள், இறங்கும்போது தேவைப்படும்.

படி 8: இறக்குவது

டைமரை ஆறு நிமிடத்துக்கு வையுங்கள். பேட்டரி இன்னும் தாங்கும்தான். ஆனால் இறக்கம் சரியாக அமையாவிட்டால் மறுபடி ஏறிச் சுற்றிவர அந்த மிச்சம் வேண்டும்.

காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். தூரத்திலேயே திரும்பி, இறக்கை மட்டமாக, த்ராட்டிலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். காலடியில்தான் இறக்குவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம், வயலில் எங்கே இறங்கினாலும் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். தூரம் போதாது என்று தெரிந்தால் கொஞ்சம் த்ராட்டில் கொடுங்கள். எலிவேட்டரை இழுத்துத் தூரத்தை நீட்டப் பார்த்தால் மேலே பார்த்த அதே ஸ்டால் இடுப்பு உயரத்தில் வரும். தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது த்ராட்டிலை முழுக்க அணைத்து, எலிவேட்டரை லேசாக இழுத்துப் பிடித்தால் வயிற்றால் சறுக்கி நிற்கும். விழப்போகிறது என்று உறுதியாகிவிட்டால் முதலில் த்ராட்டிலை அணையுங்கள். சுற்றாத ப்ரொப்பல்லர் தப்பிக்கும், ஈஎஸ்சியும் புகையாது.

விழுந்த பிறகு பேட்டரியைக் கழற்றி, அடிபட்டு நசுங்கியிருந்தால் காருக்குள்ளோ பைக்குள்ளோ போடாமல் வெட்டவெளியில் அரை மணி நேரம் வைத்துக் கவனியுங்கள். விரிசல் விட்ட ப்ரொப்பல்லரை ஒட்டாதீர்கள், அங்கேயே உடைத்துப் பைக்குள் போடுங்கள். ஃபோம் கிழிசலுக்கு ஹாட் குளூ போதும். ஒட்ட ஒட்ட மூக்கில் எடை ஏறும், அதனால் ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள்.

உடலில் ஒட்டு அதிகமாகி, எட்டு வடிவமும் இறக்கமும் யோசிக்காமலே வரத் தொடங்கியதும் எய்லிரான் விமானத்துக்கு மாறுங்கள். அதே மோட்டார், ஈஎஸ்சி, ரிசீவர், பேட்டரி போதும். இன்னும் இரண்டு சர்வோவும் புதிய ஃபோம் போர்டும் வாங்கினால் ஆயிற்று.