ரேம் நிரம்பிய கணினி: அவசரத்தில் செய்யும் தவறுகள்

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டால் பலர் முதலில் திறப்பது, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரை. அங்கே மெமரி, அதாவது ஓடும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் ரேம், 78 சதவீதம் என்று கண்ணில் பட்டதும் காரணம் தெரிந்துவிட்டதாக முடிவு கட்டி, இணையத்தில் சிக்கிய யோசனைகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபார்க்கிறார்கள். அவற்றில் பல கணினியை மேலும் முடக்குபவை. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எதையும் அணைப்பதற்கும் அழிப்பதற்கும் வாங்குவதற்கும் முன்னால், ரேமை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். அதற்குச் சில நிமிடங்கள் போதும். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடுகிற, 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண வீட்டுக் கணினியை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

சதவீதத்தைப் பார்த்துப் பதறுவதுதான் முதல் தவறு. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. விஸ்டா வந்த 2007 முதலே விண்டோஸ், நாம் அடிக்கடி திறக்கும் நிரல்கள் எவை என்று கவனித்து, அவற்றின் கோப்புகளை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. அன்று சூப்பர்ஃபெட்ச் என்று அழைக்கப்பட்ட அந்தச் சேவைக்கு இன்று சிஸ்மெயின் என்று பெயர். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியில் ‘ஃப்ரீ’ என்ற இடத்தில் மிகச் சிறிய எண்ணைக் கண்டு மிரள்கிறவர்கள், அப்படி ஏற்றி வைத்தவை இருக்கும், பக்கத்திலேயே உள்ள ‘ஸ்டான்ட்பை’ பகுதியைக் கவனிப்பதில்லை. ஸ்டான்ட்பையில் இருப்பதை வேறொரு நிரல் கேட்ட நொடியில் விண்டோஸ் விட்டுக்கொடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் ‘அவைலபிள்’ என்று காட்டப்படும் அளவில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். அவைலபிள் சில நூறு எம்பிக்குக் கீழே இறங்கி, அதே நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே பல நொடிகள் ஆகிறது என்றால் ரேம் உண்மையிலேயே போதவில்லை. அதே பக்கத்தில் ‘கமிட்டெட்’ என்று இரண்டு எண்கள் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் எண், நிரல்களுக்குத் தருவதாக விண்டோஸ் வாக்குக் கொடுத்திருக்கும் மொத்த அளவு. இரண்டாவது எண், அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. முதல் எண் இரண்டாவதை நெருங்கினால்தான் நிரல்கள் தாமாக மூடிக்கொள்வதும் ‘மெமரி குறைவாக உள்ளது’ என்ற எச்சரிக்கை வருவதும் நடக்கும். இந்த இரண்டு அறிகுறிகளும் இல்லாமல் 70, 75 சதவீதம் என்று மட்டும் காட்டினால் அதை விட்டுவிடுங்கள். மெதுவாக இருப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அடுத்த தவறு, ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் நிரல்களை நிறுவுவது. இவற்றின் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் துளியும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தியதும் 80 சதவீதம் 45 ஆக இறங்கும்; பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். உண்மையில் நடப்பது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் ‘பக்கங்களை’ (மெமரியைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகளை) அந்தச் சுத்தம் செய்யும் நிரல் வலுக்கட்டாயமாக ரேமின் பயன்பாட்டுக் கணக்கிலிருந்து வெளியே தள்ளுவதுதான். அடுத்த நொடி பிரௌசரைத் தொட்டவுடன் அந்தப் பக்கங்கள் திரும்ப வந்தாக வேண்டும். இன்னும் ரேமிலேயே கிடந்தால் தாமதம் குறைவு. டிஸ்க் வரை போய்விட்டிருந்தால் நன்றாகத் தெரியும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் ஒரு துண்டைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லிநொடி ஆகிறது. ரேமில் அதே வேலை சுமார் 100 நானோநொடியில் முடிகிறது. ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ஆக, எண் குறைந்த அந்தக் கணத்திலேயே கணினி மெதுவாகிறது. போதாததற்கு, இந்தச் சுத்தம் செய்யும் நிரலும் கணினி தொடங்கும்போதே ஏறி ரேமில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. விளம்பரங்களையும் உளவு நிரல்களையும் உடன் அழைத்து வருபவையும் இவற்றில் உண்டு.

ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பான பேஜ்ஃபைலை அணைத்துவிடச் சொல்லும் யோசனையும் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகிறது. டிஸ்கை ரேம்போலப் பயன்படுத்துவதால்தான் கணினி மெதுவாகிறது, அதை நிறுத்திவிட்டால் வேகம் கூடும் என்பது அதன் வாதம். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன கமிட்டெட் உச்ச அளவு என்பது ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது. பேஜ்ஃபைலை எடுத்துவிட்டால் 8 ஜிபி கணினியின் உச்ச அளவு 8 ஜிபிக்குள் சுருங்கிவிடும். நிரல்கள் தேவைக்கு அதிகமாகவே இடம் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் உடையவை. ஆகவே ரேமில் இடம் மீதியிருக்கும்போதே அவை மெமரி இல்லை என்று மூடிக்கொள்ளும். விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை வந்தால், காரணத்தைப் பதிவு செய்யும் கோப்பும் வழக்கம்போல எழுதப்படாமல் போகலாம். பேஜ்ஃபைலின் அளவை விண்டோஸே தீர்மானிக்கும்படி விட்டுவிடுவதே நல்லது. செய்யக்கூடிய ஒரே உதவி, சி டிரைவில் சில ஜிபியாவது காலியாக வைத்திருப்பது.

சிஸ்மெயினை நிறுத்துவது அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் டிஸ்க் ஓயாமல் ஓடினால் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ரேம் குறையும் என்று எதிர்பார்த்து நிறுத்தினால் ஏமாற்றம்தான்.

எங்கே போனது என்று தெரியாத ரேம்

நான் அதிகம் வருத்தப்படும் தவறு இது. சரியான வழி மிக எளிது, ஆனால் சொல்வார் இல்லை. டாஸ்க் மேனேஜரில் நிரல்களின் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் மூன்று ஜிபிகூட வராது. மேலே மட்டும் 90 சதவீதம் என்று நிற்கும். மீதி எங்கே என்று தெரியாமல், கையில் கிடைத்த செயல்முறைகளை எல்லாம் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து மூடுகிறார்கள். விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும், வரிசையாக நிற்கும் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’களை வைரஸ் என்று நினைத்து மூடுகிறவர்களும் உண்டு. அவை பலவாக இருப்பது இயல்பு: 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் 2017 முதல் விண்டோஸ் 10 பெரும்பாலான சேவைகளைத் தனித்தனியே பிரித்து ஓட்டுகிறது. சந்தேகம் இருந்தால் வலது கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் இருந்தால் அதைத் தொட வேண்டாம். அதே பெயர் வேறேதோ கோப்புறையில் இருந்தால் மட்டும் வைரஸ் தேடுங்கள்.

பட்டியலில் இல்லாத ரேமைத் தேட வேண்டிய இடம், மெமரி பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ‘நான்பேஜ்டு பூல்’. இது விண்டோஸின் மையப் பகுதியான உட்கருவும், வன்பொருள்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களும் பயன்படுத்தும் பகுதி. டிஸ்குக்கு ஒருபோதும் தள்ளப்படாதது. வீட்டுக் கணினியில் பொதுவாகச் சில நூறு எம்பி இருக்கும். அது பல ஜிபியாக வளர்ந்து, நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் எடுத்த இடத்தைத் திருப்பித் தராமல் கசியவிடுகிறது. பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் டிரைவர், அல்லது நெட்வொர்க் வேகத்தைக் கூட்டுவதாக அதனுடன் வரும் துணை நிரல். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் தீரும். பிரௌசரில் எத்தனை டேப்களை மூடினாலும் இது குறையாது.

இங்கே இன்னொரு மறைவான சிக்கல் இருக்கிறது. ‘தினமும் இரவு ஷட்டவுன் செய்துவிடுகிறேன், பிறகும் காலையில் ரேம் நிரம்பியே இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி வந்தது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது நம் நிரல்கள் மட்டுமே மூடப்படுகின்றன. உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. நேற்றைய கசிவும் சேர்ந்தே வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் ‘அப்டைம்’ என்பதைப் பாருங்கள். தினமும் ஷட்டவுன் செய்யும் கணினியிலும் அது பல நாள்களைக் காட்டலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைத் தேர்ந்தெடுத்தால் முழுமையாக அணையும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இந்த வசதியை நிரந்தரமாகவும் நிறுத்தலாம். ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் நிறுத்துவதால் பெரிய இழப்பு இல்லை.

பிரௌசர்

பல வீடுகளில் ரேமின் பெரும்பங்கு போவது இங்கேதான். குரோம் 2008 இல் வந்தபோதே பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரிக்கும் முறையோடு வந்தது. ஒரு பக்கம் உடைந்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும். ஒரு தளம் இன்னொன்றை எட்டிப்பார்ப்பது கடினம். அந்தப் பாதுகாப்புக்கான விலை ரேம். ஆகையால் இருபது குரோம் வரிகளைப் பார்த்து அதை நீக்கிவிட்டு எட்ஜுக்கு மாறுவதில் பெரிய லாபம் இல்லை. எட்ஜும் உள்ளே, குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியம்தான். இரண்டையும் சேர்த்துத் திறந்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

பிரௌசருக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரௌசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) எவ்வளவு எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். எப்போதோ ஒருமுறை தேவைப்பட்டு நிறுவிய எக்ஸ்டென்ஷன்கள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அங்கே தெரியவரும். அவற்றை நீக்குங்கள். செட்டிங்ஸில் ‘மெமரி சேவர்’ என்பதை இயக்கினால் பார்க்காத டேப்கள் தாமாக ரேமிலிருந்து இறங்கிவிடும். பிரௌசரை மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. வேண்டாம் என்றால் அதையும் நிறுத்துங்கள். டீம்ஸ், டிஸ்கார்ட் போன்ற செயலிகளும் உள்ளுக்குள் ஒரு பிரௌசர் இயந்திரத்தின் மீதே ஓடுபவை. கணினி தொடங்கும்போதே அவை ஏறாமல் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்தி வைக்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ‘விஎம்மெம்’ என்ற பெயர் பல ஜிபி எடுத்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸுக்குள் லினக்ஸோ வேறு மெய்நிகர் கணினியோ ஓடுகிறது என்று பொருள். மூடினால் ரேம் திரும்பிவிடும்.

சிறு தவறுகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கில் உள்ள படங்களையும் வீடியோக்களையும் அழிப்பதால் ரேம் குறையாது. இரண்டும் வேறு வேறு இடங்கள். விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் ‘மேக்சிமம் மெமரி’ என்ற கட்டத்தை டிக் செய்யச் சொல்வதை நம்பாதீர்கள். அது ரேமைக் கூட்டாது. எண் தவறினால் இருப்பதையும் பாதியாக்கிவிடும். ஒன்றுக்கு இரண்டாக ஆன்ட்டிவைரஸ் வைப்பதால் பாதுகாப்பும் கூடுவதில்லை, ரேமும் வீணாகிறது.

எடுத்த எடுப்பில் ஃபார்மேட் செய்ய ஒப்புக்கொள்வது மட்டும் சிறு தவறு அல்ல. பழுது பார்ப்பவருக்கு அது எளிய வழி. வீட்டுக்காரருக்கு, வேறெங்கும் நகல் இல்லாத திருமணப் படங்களும் கணக்குகளும் போய்விடும் வழி. அதே டிரைவரையும் அதே எக்ஸ்டென்ஷன்களையும் திரும்ப நிறுவினால் ஃபார்மேட் செய்த கணினியும் பழைய நிலைக்கே வந்துவிடும். காரணம் என்ன என்று கேளுங்கள். நகல் எடுத்து வைக்காமல் கணினியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் கமிட்டெட் எண் உச்சத்திலேயே நின்றால் புதிய ரேம் வாங்குவது நியாயமான செலவு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது சிரமம். 4இலிருந்து 8க்குப் போனால் வித்தியாசம் உடனே தெரியும். 16இலிருந்து 32க்குப் போவது வீட்டுப் பயன்பாட்டில் பெரும்பாலும் வீண். 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், அளவு பார்த்து வாங்குவது முன்பைவிட முக்கியம். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் அதே பணத்துக்கு எஸ்எஸ்டி போடுவது சில சமயம் கூடுதல் பலன் தரும். கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகத்தையும், ரேம் பொருத்தும் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேமின் தலைமுறையையும் கவனியுங்கள்: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது, ரேம் அட்டையின் வெட்டு வேறிடத்தில் இருக்கும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் தனி ஸ்லாட் இல்லையென்றால் கூட்டவே முடியாது. வேறு வேறு வேகத்தில் இரண்டைப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது பயன்படுத்தாது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும். பொருத்தி முடித்ததும் கடையிலேயே கணினியை இயக்கி, மொத்த அளவு சரியாகக் காட்டுகிறதா, விண்டோஸால் பயன்படுத்த முடியாத அளவைக் காட்டும் ‘ஹார்ட்வேர் ரிசர்வ்டு’ என்ற இடத்தில் பெரிய எண் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.