ஜன்னலில் நட்சத்திரக் கொடி: ராணுவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சில வீட்டு ஜன்னல்களில், சிவப்புக் கரை வைத்த சின்ன வெள்ளைக் கொடி ஒன்று தெருவைப் பார்த்தபடி தொங்கும். நடுவில் நீல நட்சத்திரம். அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர் படையில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். 1917-ல், இரண்டு மகன்கள் படையில் இருந்த ஒஹாயோ கேப்டன் ராபர்ட் குவைசர் வடிவமைத்த கொடி இது. ஒரு நட்சத்திரம் என்றால் ஓர் ஆள். இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

ராணுவத்தின் மேல் மரியாதை இருக்கிறது என்பதற்காக இதை யாரும் மாட்டிவிட முடியாது. போர்க்காலத்தில் பணியில் இருப்பவரின் நெருங்கிய குடும்பத்துக்குத்தான் சட்டம் இதை வைத்திருக்கிறது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று அந்த வட்டம் சிறியது. தத்தெடுத்து வளர்த்தவர்களுக்கும் அதில் இடமுண்டு. தூரத்து உறவுக்காரர் தேசியக் கொடியை ஏற்றலாமே! அதேபோல, பிள்ளை பணி முடிந்து வீடு திரும்பிவிட்டால் கொடியைக் கழற்றி மடித்துப் பத்திரமாக வைத்துவிட வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கொடிகள் தேவையில்லை. ஒரே கொடியில் இரண்டு நட்சத்திரங்கள் போதும். ஐந்து வரை வைக்கலாம். அயோவாவின் சல்லிவன் குடும்பத்தில் ஐந்து மகன்களும் கடற்படையில் ஒரே கப்பலில் இருந்தார்கள். 1942 நவம்பரில் அந்த ஜூனோ கப்பல் மூழ்கியதில் ஐவரையுமே அந்தப் பெற்றோர் இழந்தார்கள்.

பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய நட்சத்திரம் பொன்னிறமாகும். இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். நீல நட்சத்திரத்தைப் பிரித்து எடுத்துவிடக் கூடாது. அதைவிடச் சற்றுச் சிறிய பொன் நட்சத்திரத்தை அதன் மேலேயே வைத்துத் தைக்க வேண்டும். சுற்றிலும் மெல்லிய நீலக் கோடு தெரியும். வேறு நட்சத்திரங்களும் இருந்தால் பொன் நட்சத்திரம்தான் மேலே வரும்.

போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தால்தான் பொன் நட்சத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். சட்டையில் குத்தும் பொன் நட்சத்திரச் சின்னத்தில், போரில் இறந்தவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறொன்று என்று இரண்டு வகை இருப்பதால் வந்த குழப்பம் இது. கொடியில் அந்தப் பாகுபாடு கிடையாது. பயிற்சியில் விபத்து நேர்ந்தாலும், நோய் வந்து இறந்தாலும் அதே நட்சத்திரம்தான். "நம் பையன் சண்டையில் சாகவில்லையே" என்று எந்தத் தாயும் தயங்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று: பொன் நிறத்தைப் பார்த்து ஏதோ விருது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். புதிதாக அங்கே குடியேறும் நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

அப்புறம், தேசியக் கொடியோடு சேர்த்து வைத்தால் முதல் மரியாதை தேசியக் கொடிக்குத்தான். நட்சத்திரக் கொடி அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கொடியைப் படம் எடுத்துப் போடுவதில் தவறில்லை. ஆனால் பிள்ளை இருக்கும் முகாமின் பெயரையும் ஊர் திரும்பும் தேதியையும் கீழே எழுதிவிடாதீர்கள்.