ஊர் வரலாற்றில் விடுபட்டவர்களைத் தேடும்போது செய்யும் தவறுகள்

ஊர் வரலாறு எழுதக் கிளம்புகிறவர் முதலில் போய் உட்காருவது ஊரின் பெரிய வீட்டில்தான். அங்கே பழைய படங்களும் பத்திரங்களும் இருக்கும்; பேசிப் பழகிய பெரியவர் ஒருவரும் இருப்பார். இரண்டு நாள் கேட்டு எழுதினால் பாதிப் புத்தகம் தேறிவிடும். அறுவடைக்கு வந்து போனவர்கள், பிரசவம் பார்த்தவள், வேறு மொழி பேசிக்கொண்டு வந்து குடியேறிய குடும்பம் எல்லோரும் ‘மற்றும் பலர்’ ஆகிவிடுவார்கள்.

ஏட்டில் இல்லாதவர் ஊரிலும் இல்லை என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. ஏடு எழுதியவருக்கு ஓர் உத்தரவு இருந்தது. இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பில் மனைவியின் தொழிலைக் குறிக்க வேண்டியதில்லை என்றே சொல்லியிருந்தார்கள். வயலில் அவள் பாடுபட்டிருந்தாலும் அந்தக் கட்டம் காலிதான். அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உடைமையாளருக்குப் பெயர் உண்டு. அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. ஆஸ்திரேலியாவிலோ 1967 பொது வாக்கெடுப்பு வரை பூர்வகுடிகளை மக்கள்தொகை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாதென்று அரசியலமைப்பிலேயே இருந்தது. ஆகவே காலிக் கட்டத்தைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். கூலிக் கணக்கு, வழக்குப் பதிவு, கல்லறைக் கல், படத்தின் பின்பக்கம் என்று வேறு கதவுகளைத் தட்டிப் பாருங்கள். பழைய குடும்பப் படமொன்றில் நடுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கீழே பெயர் எழுதியிருக்கும், நாய்க்குக்கூட. ஓரத்தில் குழந்தையைப் பிடித்தபடி, சட்டத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவளுக்கு மட்டும் இருக்காது. விசாரணையை அவளிடமிருந்து தொடங்கலாம்.

நேரில் கேட்கும்போது நேரும் தவறு வேறு மாதிரி. “அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்கிறேன்” என்று மகன் முன்னால் வந்து உட்காருவார். நாமும் மரியாதைக்காக அவர் பக்கம் திரும்பிவிடுவோம். அவரை வேறு வேலையாக அனுப்பிவிட்டுத்தான் பேச வேண்டும். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்றால் அந்த அம்மா “என்ன பெரிய வாழ்க்கை” என்று சிரித்துவிடுவார். விடிந்ததும் முதல் வேலை என்ன, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கையே பேச ஆரம்பித்துவிடும்.

தேதி தப்பினால் சாட்சியைத் தள்ளிவிடுவதும் அவசர புத்தி. இத்தாலியின் டெர்னி நகரில் 1949-இல் லூயிஜி டிரஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பின்னாளில் பலர் அதை 1953 ஆட்குறைப்புப் போராட்டத்தின்போது நடந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆண்டு தவறுதான். ஆனால் எந்தக் காயத்தோடு அந்தச் சாவைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பது அந்தத் தவறால்தான் தெரியவந்தது.

பன்முகத்தன்மையைக் கொண்டாடுகிறோம் என்று ஆளுக்கொரு உடையும் பத்து நிமிட ஆட்டமும் கொடுத்து மேடையேற்றுவது எனக்கு உவப்பில்லை. ஆடி முடித்தவர் ஊர்க் கூட்டத்தில் வாய் திறந்தால் யாராவது காது கொடுக்கிறார்களா? அதையும் எழுதுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “இதை எடுத்துவிடு” என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அந்தப் பத்தி போனால் கட்டுரையே நொண்டும் என்றாலும்.